இந்தியாவிலிருந்து வந்த பிள்ளையும் எங்கள் வகுப்பறையும்

பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்கான படிவங்கள், ஆவணங்கள் பற்றிப் பெரும்பாலான குடும்பங்கள் எங்கேயாவது கேட்டு அறிந்துகொள்கின்றன. சேர்த்த பிறகு வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து மன்னாருக்கும் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்த பெற்றோர் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: "அங்க நல்லாப் படிச்ச பிள்ளை. இங்க வந்து ஒரு தவணை முடியிறதுக்குள்ள மொக்குப் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டினம்." ஆசிரியரைக் கேட்டால், "அடிப்படையே இல்லை, இரண்டு வகுப்புக் குறைத்துப் போட்டால்தான் சரிவரும்" என்பார். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். இந்த இரண்டு கூற்றுகளுக்கும் நடுவில் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்வது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும் என்று நினைக்கிறோம்.

"திரும்பி" வந்தவர்கள் யார்?

1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னரும், அதைத் தொடர்ந்த போரின் ஒவ்வொரு கட்டத்திலும், பல்லாயிரக்கணக்கானோர் படகேறி இராமேஸ்வரம் கரைக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, அங்கிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், திருச்சி கொட்டப்பட்டு போன்ற பெயர்கள் எங்கள் ஊர்ப் பெயர்களைப் போலவே பல குடும்பங்களின் வாயில் புழங்குகின்றன. போர் 2009 இல் முடிந்த பின்னர், அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடும் தம் சொந்தச் செலவிலும் ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"திரும்பியோர்" என்ற சொல் தாய் தந்தையருக்குத்தான் பொருந்தும். பிள்ளைகளில் அநேகர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். சில வீடுகளில் தாயும் அங்கேயே பிறந்தவர். அந்தப் பிள்ளைக்கு இலங்கை என்பது அம்மம்மாவின் கதைகளில் கேட்ட ஓர் ஊர். ஆகவே அவர் வகுப்பறைக்குள் வரும்போது ஊர் திரும்பிய பிள்ளையாக வருவதில்லை. புதிதாகக் குடிபெயர்ந்த பிள்ளையாகத்தான் வருகிறார். சிங்களமோ ஆங்கிலமோ பேசும் பிள்ளை வந்திருந்தால் "மொழி தெரியாது, கொஞ்சக் காலம் கொடுப்போம்" என்று எவரும் சொல்வார்கள். இவர் தமிழ் பேசுகிறார் என்பதால் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

கதி, வேகம், திசைவேகம்

ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கார் 2 மணித்தியாலத்தில் 120 கிலோமீற்றர் செல்கிறது. அதன் கதி யாது? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை படித்த பிள்ளை இந்தக் கேள்வியை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். கணக்குத் தெரியாமல் இல்லை. "கதி" என்றால் என்னவென்று தெரியாது. அவர் அறிந்த கதி "அதோ கதி" மட்டும்தான். நாங்கள் கதி என்பதை அங்கே வேகம் என்கிறார்கள். நாங்கள் வேகம் என்பதை அங்கே திசைவேகம் என்கிறார்கள். எங்கள் ஆர்முடுகல் அவர்களின் முடுக்கம். பிள்ளை துணிந்து "வேகம் = 60" என்று எழுதினால் இன்னும் சிக்கல். எங்கள் பாடநூலின்படி அது வேறொரு கணியத்தின் பெயர். எனவே ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போடுவார். விடை சரி, பெயர் பிழை. கொப்பியைப் பார்க்கும் அடுத்த ஆள் வட்டத்தை மட்டும்தான் காண்பார்.

இப்படி எத்தனை சொற்கள் என்று எண்ணத் தொடங்கினால் முடிவதில்லை. பாடத்தின் பெயரிலேயே ஆரம்பிக்கிறது: எங்கள் விஞ்ஞானம் அங்கே அறிவியல், பௌதிகவியல் அங்கே இயற்பியல், இரசாயனவியல் அங்கே வேதியியல். ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன், ஐதரசன் ஹைட்ரஜன், காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடு, அமுக்கம் அழுத்தம். உயிரியலில் நாங்கள் கலம் என்பதை அவர்கள் செல் என்கிறார்கள். "கலம்" என்றதும் அந்தப் பிள்ளைக்கு மின்கலம் நினைவுக்கு வந்தால் அது அவருடைய குற்றமா? சமிபாட்டுத் தொகுதி அங்கே செரிமான மண்டலம். கேத்திர கணிதத்தில் முக்கோணி அங்கே முக்கோணம், நாற்பக்கல் அங்கே நாற்கரம். அறிந்த பொருளே முன்னால் இருந்தாலும் பெயர் மாறினால் பிள்ளைக்கு அது புதுப் பொருளாகத்தான் தெரியும்.

இரு நாட்டிலும் கலைச்சொற்களை உருவாக்கியவர்கள் வேறுவேறு குழுவினர். பல பத்தாண்டுகளாக இரண்டும் தனித்தனி வழியில் போயின. அது யாருடைய தவறும் இல்லை. ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவில் படித்த பிள்ளையென்றால் நிலைமை இன்னொரு வகை. அவருக்குத் தமிழில் எந்தக் கலைச்சொல்லும் தெரிந்திருக்காது; ஆங்கிலத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கேட்டுப் பார்க்க நேரமிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாடங்களிலும் வித்தியாசம் உண்டு. எங்கள் பாடசாலைகளில் சமயம் கட்டாயப் பாடம். சாதாரண தரப் பரீட்சையிலும் எழுத வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமயம் பரீட்சைப் பாடமாக இல்லை. அந்தப் பிள்ளை முகாமின் சிறு கோயிலில் ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றியிருக்கலாம், மார்கழியில் திருவெம்பாவை பாடியிருக்கலாம். ஆனால் சமயத்தை வினாத்தாளில் எழுதிய பழக்கம் இல்லை. முதல் தவணையில் சைவநெறிப் பாடத்துக்கு 18 புள்ளி வந்தால், "சமயமே தெரியாத பிள்ளை, தாய் தகப்பன் என்ன வளர்த்தினம்" என்று பேச்சு வரும். வரலாறும் அப்படித்தான். அங்கே அவர் சோழர் காலத்தையும் இந்திய சுதந்திரப் போராட்டத்தையும் படித்தார். இங்கே அநுராதபுரமும் பொலனறுவையும் கேட்கிறார்கள். இரண்டாம் மொழிச் சிங்களம் அவருக்கு முற்றிலும் புதிது. ஆறாந் தரத்திலிருந்து படித்து வந்த வகுப்பில் அவர் மட்டும் அயன்னாவில் நிற்கிறார்.

இவற்றில் எது "தெரியாது", எது "வேறு பெயரில் தெரியும்", எது "கற்பிக்கப்படவே இல்லை" என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்து, வகுப்பில் 38 ஆவது இடம் என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதினால், அது அந்தப் பிள்ளையின் திறமையைப் பற்றி எதுவுமே சொல்லாது.

"ஆமா" என்றால் சிரிப்பு

பாடத்துக்கு வெளியேயும் சொற்கள் உண்டு. "ஓம்" என்பதற்குப் பதிலாக "ஆமா" என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். கொப்பியை "நோட்டு" என்றும் கதிரையை "சேர்" என்றும் சொன்னாலும் சிரிக்கும். இங்கே "சேர்" என்றால் ஆண் ஆசிரியரைக் கூப்பிடுவது, ஒரு பிள்ளை "சேர்ல உக்காரட்டா?" என்று கேட்டால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறோம். வகுப்பு சிரிப்பதில் பெரிய தீங்கில்லை. ஆசிரியரும் சேர்ந்து சிரித்து, அடுத்த நாளும் அதே சொல்லைச் சொல்லச் சொல்லிக் கேட்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. அதற்குப் பிறகு பிள்ளை வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளையை "ஆர்வமில்லை" என்று எழுதுவது எளிது.

இதில் ஒரு வேதனையான விடயம் இருக்கிறது. இதே பிள்ளைகளில் பலர் தமிழ்நாட்டுப் பள்ளியிலும் கேலிக்குள்ளானவர்கள். வீட்டில் பேசும் இலங்கைத் தமிழ் வாயில் வந்தால் அங்கே "சிலோன்காரப் பொண்ணு". அதை மறைக்க அங்கத்தைய பேச்சைக் கவனமாகப் பழகினார்கள். பழகி முடித்த நேரத்தில் கப்பலோ விமானமோ ஏறி இங்கே வந்தால், "இந்தியாக்காரி".

கதைகள் எங்கிருந்து வருகின்றன?

ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் கதைகளில் மூன்று அடிக்கடி வரும். ஒன்று, "இவை இங்க நிக்கப் போறதில்லை, திரும்ப இந்தியாவுக்குப் போயிடுவினம்." இதன் விளைவு வெளிப்படையானது: போகப்போகிற பிள்ளைக்கு மெனக்கெட்டு என்ன பயன்? சில குடும்பங்கள் வாழ்வாதாரம் அமையாமல் உண்மையிலேயே திரும்பிப் போயிருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பம் போனது என்பதற்காக மற்ற எல்லாப் பிள்ளைகளையும் பயணப் பையோடு நிற்பவர்களாகப் பார்ப்பது நியாயமில்லை. பிள்ளைக்குப் பாடசாலை பிடிக்காமல் போவதும் பெற்றோர் திரும்பிப் போக யோசிப்பதற்கு ஒரு காரணமாகிறது என்பதை எங்கள் கள உத்தியோகத்தர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, "சினிமாப் பிள்ளைகள், ஒழுக்கம் குறைவு." தலைமுடி வெட்டும் விதம், நண்பர்களை "டா", "டி" போட்டுக் கூப்பிடுவது, ஆசிரியரிடம் நேராகக் கேள்வி கேட்பது ஆகியவற்றிலிருந்து இந்த முடிவு எழுகிறது. முகாமில் வளர்ந்த பெண் பிள்ளைகளைப் பற்றி இதைவிட மோசமான ஊகங்களும் உலவுகின்றன. அவற்றை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் ஒரு பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் அப்படிப்பட்ட பேச்சு எழுந்தால், அங்கிருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் அதை நிறுத்த வேண்டும். வேறு யாராலும் முடியாது.

மூன்றாவது கதை கொஞ்சம் கனமானது. "நாங்கள் இங்க நிண்டு எல்லாத்தையும் பட்டனாங்கள். இவை அங்க நிவாரணம் எடுத்துக்கொண்டு இருந்தவை." வன்னியில் கற்பிக்கும் பல ஆசிரியர்கள் 1995 வலிகாமம் இடப்பெயர்வில் நடந்தவர்கள், 2009 இல் மெனிக் பாமில் கூடாரத்தில் இருந்தவர்கள், பிள்ளையை, சகோதரத்தை இழந்தவர்கள். அந்தக் கசப்பை உபதேசத்தால் துடைக்க முடியாது, துடைக்கச் சொல்லும் உரிமையும் எங்களுக்கில்லை. ஆனால் எட்டாந் தரத்தில் இருக்கும் பிள்ளை அந்த முடிவுகளில் எதையும் எடுக்கவில்லை. படகில் ஏறியவர் அதன் பாட்டி.

இது இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் நேர்வதென்று எண்ண வேண்டாம். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்தின் பெயரால் இன்றும் குத்தப்படுகிறார்கள். அந்த வசைச்சொல்லை இந்நூலில் அச்சிடத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்தில் "அகதி" என்ற அடையாளத்தோடு படித்தார்கள். அவர்களிற் பலர் புத்தளத்திலேயே பிறந்தவர்கள். அதே குடும்பங்கள் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியபோது அந்தப் பிள்ளைகள் "புத்தளத்திலிருந்து வந்தவர்கள்" ஆனார்கள். வந்த இடம் எதுவானாலும் முத்திரை ஒரே கையால்தான் குத்தப்படுகிறது.

நல்ல ஆசிரியருக்கும் நேரக்கூடியது

முற்சாய்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் பிள்ளையைத் திட்டும், அடிக்கும் ஆசிரியரைத்தான் நினைக்கிறோம். அப்படியானவர் குறைவு. அக்கறையுள்ள ஆசிரியரிடமும், அவர் அறியாமலே, இது வேலை செய்கிறது. கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை யோசிக்கக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. "பாவம், தெரியாது" என்று அவரைத் தாண்டி அடுத்தவரைக் கேட்கிறார். இரக்கம்தான், ஆனால் பிள்ளைக்கு அது "உன்னால் முடியாது" என்றுதான் கேட்கும். கடைசி வாங்கில் இடம் கிடைக்கிறது. தமிழ்த்தினப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அவரது பெயர் நினைவுக்கு வருவதில்லை. அங்கே பள்ளிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவர் என்பது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவில்லை.

இத்தாலியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. அல்பேர்ட்டோ அலெசினா உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் 2018 இல் அதை வெளியிட்டார்கள். அங்கத்தைய இடைநிலைப் பாடசாலைகளில் வெளிநாடுகளிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். மாணவர் பெயர் அறியாமல் திருத்தப்படும் தேசிய மட்டப் பரீட்சையில் பெற்ற புள்ளியையும், வகுப்பாசிரியர் கொடுத்த புள்ளியையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களின் மனதில் ஊறிய எண்ணங்களை அளக்கக் கணினியில் ஒரு சோதனையும் வைத்தார்கள். குடிபெயர்ந்தோர் பற்றி எதிர்மறையான எண்ணம் கூடுதலாக இருந்த கணித ஆசிரியர்கள், பொதுப் பரீட்சையில் ஒரேயளவு செய்த பிள்ளைகளுக்கிடையிலும் குடிபெயர்ந்த பிள்ளைக்குக் குறைந்த புள்ளி கொடுத்திருந்தார்கள். கணிதத்திலேயே இப்படி. விடை சரி அல்லது பிழை என்று நாங்கள் நம்பும் பாடம் அது.

அந்த ஆய்வின் அடுத்த பகுதிதான் எங்களுக்கு முக்கியம். தவணைப் புள்ளி போடுவதற்கு முன்னர், ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு மட்டும் அவரவர் சோதனை முடிவை அறிவித்தார்கள். யாரையும் கண்டிக்கவில்லை, பயிற்சிப் பட்டறைக்கு அழைக்கவில்லை. "உங்கள் முடிவு இது" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த ஆசிரியர்கள் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுத்த புள்ளி உயர்ந்தது. எங்கள் பாடசாலைகளில் அந்தக் கணினிச் சோதனை இல்லை. ஆனால் புள்ளி போடும் முன் ஒரு நிமிடம் நின்று "இந்தப் பெயரை மறைத்தால் இதே புள்ளியைப் போடுவேனா?" என்று கேட்டுக்கொள்ளக் கணினி தேவையில்லை. விடைத்தாளின் மேற்பகுதியை மடித்து வைத்துத் திருத்துவது பழைய வழக்கம்தான், மீண்டும் தொடங்கலாம்.

இரண்டு வகுப்புக் குறைத்தால் என்ன நடக்கும்?

இதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். முன்னர் 14 ஆக இருந்த மேல் வயது 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வழமையான வயதில் முதலாந் தரத்தில் சேர்ந்த பிள்ளை 13 வயதாகும் ஆண்டில் எட்டாந் தரத்தில் இருப்பார், 16 வயதாகும் ஆண்டில் பதினோராந் தரத்தில் சாதாரண தரத்துக்கு ஆயத்தமாவார். அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை "அடிப்படை பலமாக இருக்கட்டும்" என்று ஆறாந் தரத்தில் போட்டால், 16 வயதில் அவர் ஒன்பதாந் தரத்தில்தான் இருப்பார். சாதாரண தரப் பரீட்சை 18 இல். தன்னிலும் இரண்டு வயது இளையவர்களோடு அமர்ந்து, மீசை அரும்பிய பையன் எத்தனை நாள் பொறுமையாக இருப்பான்? தகப்பனுக்குக் கடலிலோ மேசன் வேலையிலோ துணை தேவைப்படும் வீட்டில், 16 என்பது பாடசாலைப் பையைக் கழற்றும் வயதாகிவிடும். பெண் பிள்ளையென்றால் கல்யாணப் பேச்சு வரும். நல்லெண்ணத்தில் எடுத்த ஒரு தீர்மானம் இப்படி ஒரு பிள்ளையை ஒரு சான்றிதழும் இல்லாமல் வெளியே விடலாம்.

ஆண்டுக் கணக்கும் குழப்பம் தரும். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். இங்கே வழமையாக ஜனவரியில் தொடங்கும். ஜனவரியில் வரும் பிள்ளை அங்கே எட்டாம் வகுப்பில் பாதி முடித்திருப்பார்; அவரோடு ஒத்த வயதினர் இங்கே ஒன்பதாந் தரம் போகிறார்கள். "எட்டு முடிக்கவில்லையே" என்பது சரியான வாதம் போலத் தெரியும். ஆனால் வயதைப் பார்த்தால் ஒன்பதே பொருத்தம், விடுபட்ட பாதியை மாலை வகுப்பில் ஈடுசெய்யலாம். எங்கள் கருத்து: வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்துவது முதல் தெரிவாக இருக்க வேண்டும். அதிகம் போனால் ஓர் ஆண்டு குறைக்கலாம். இரண்டு ஆண்டு குறைப்பதற்கு, ஒரு தவணைப் புள்ளியைவிடப் பலமான காரணம் வேண்டும்.

ஆசிரியரிடம் கேட்பது

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரிடம் பெரிய திட்டங்களைக் கேட்பது நியாயமில்லை. மூன்று சிறு வேலைகள் போதும். புதிதாக வந்த பிள்ளையின் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தை ஒரு நாள் கொண்டுவரச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். அரை மணித்தியாலம் செலவாகும்; எவ்வளவு படித்திருக்கிறார் என்பது விளங்கிவிடும். இரண்டாவது, கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு, அங்கத்தைய சொல் ஒரு பக்கம், இங்கத்தைய சொல் மறுபக்கம் எழுதும்படி பிள்ளையிடமே விடுங்கள். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவரைத் துணைக்கு விட்டால் இரண்டு கிழமையில் அந்தப் பட்டியல் நிறைந்துவிடும். மூன்றாவது, முதல் தவணையில் வாய்மொழியாகவும் ஒரு தடவை சோதியுங்கள். "கதி" தெரியாத பிள்ளை, "ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டால் உடனே சொல்வதைக் காண்பீர்கள்.

சமயம், வரலாறு, சிங்களம் ஆகிய மூன்று பாடங்களின் முதல் தவணைப் புள்ளியைக் கொண்டு பிள்ளையின் நிலையைத் தீர்மானிக்க வேண்டாம் என்பதை அதிபர்கள் தம் ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவைப்பது நல்லது.

பெற்றோருக்கு

அங்கிருந்து புறப்படும்போதே பள்ளியில் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். இங்கே விடுகைப் பத்திரம் என்பதற்கு ஈடானது அது. மதிப்பெண் பட்டியல்கள், பேச்சுப்போட்டி, விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். நிறையை மிச்சப்படுத்த விட்டுவிட்டு வரும் முதல் பொருள் பெரும்பாலும் பழைய பாடப்புத்தகம்தான். கணிதம், அறிவியல் இரண்டையுமாவது கொண்டுவாருங்கள்.

இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கை அரசிடம் பதிந்து பிரஜாவுரிமைச் சான்றிதழ் பெறும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் தொடங்கியிருக்காவிட்டால் இங்கே உங்கள் பிரதேச செயலகத்தில் வழி கேளுங்கள். அது கையில் இல்லாவிட்டால் அடையாள அட்டை எடுக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் பிள்ளை அலைக்கழிவார். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. எங்கள் அரசியலமைப்பின் 12 (2) ஆம் உறுப்புரை, மொழி, மதம், சாதி முதலியவற்றோடு "பிறந்த இடம்" காரணமாகவும் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மண்டபத்தில் பிறந்தவருக்கும் மானிப்பாயில் பிறந்தவருக்கும் வகுப்பறையில் வித்தியாசம் காட்ட முடியாது என்பதே அதன் பொருள்.

பாடசாலைக்குப் போய் ஆசிரியரைச் சந்திக்கத் தயங்காதீர்கள். முகாம் வாழ்க்கையில் அதிகாரிகள் முன் ஒதுங்கி நின்று பழகிய பெற்றோர் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அப்போது "பெற்றோருக்கும் அக்கறையில்லை" என்று இன்னொரு கதை பிறக்கிறது. போகும்போது பழைய மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோங்கள், முறைப்பாட்டோடு தொடங்காமல் "பிள்ளை அங்க இப்படிப் படிச்சவ, இங்க எந்தப் பாடம் கஷ்டமாயிருக்கு எண்டு பாக்க வந்தனான்" என்று தொடங்குங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்கும் போங்கள். அங்கே உங்கள் முகம் தெரிந்தால் பிள்ளையின் முகமும் தெரியும்.

பேசியும் சரிவராவிட்டால், பிள்ளை தொடர்ந்து அவமதிக்கப்பட்டால், அல்லது விளக்கமின்றி வகுப்புக் குறைக்கப்பட்டால், அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள். கடிதத்தில் திகதி போட்டு, பிரதி ஒன்றை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு கோட்டக் கல்விப் பணிமனைக்கும் அதன்பின் வலயக் கல்விப் பணிமனைக்கும் போகலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்று வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.